பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் கணிப்பொறி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. நகரத்து நேயர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். பொழுது புலருமுன் தொழிலாளர்கள் ஒரு திடலில் கூடுவார்கள். கிராணியார் பெயர் கூப்பிடுவார்; கங்காணி வேலையைப் பிரித்துக் கொடுப்பார். யாருக்கு எந்த நிரை, யார் எந்தக் காட்டுக்கு என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும்.

அந்த வேலைகளைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு வகை இருப்பது தெரியும். முதல் வகை, தானாக வந்து கதவைத் தட்டும் வேலை. இரவு மழையில் மரம் சாய்ந்து பாதையை மறித்துவிட்டது. லயத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது. இவற்றை யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. அல்லல்பட்டவர் ஓடிவந்து கூச்சல் போடுவார். இரண்டாம் வகை, முறைவைத்து வரும் வேலை. ஒருநாள் விட்டு ஒருநாள் பால் வெட்டு, பருவம் பார்த்து உரம், மழைக்காலத்துக்கு முன் கால்வாய் தூர்வாருதல். இவை கூச்சல் போடுவதில்லை. கால்வாயைத் தூர்வாராமல் விட்டால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது. மறுநாளும் ஒன்றும் நடக்காது. வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த இரவில்தான் செய்யாமல் விட்ட வேலை நினைவுக்கு வரும்.

இன்றைய உரை கணிப்பொறியைப் பற்றியது. பெரட்டில் ஏன் தொடங்கினோம் என்று சிலர் எண்ணலாம். எங்கள் பள்ளியில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் காரணம் விளங்கும்.

எங்கள் பள்ளி அலுவலகக் கணிப்பொறியில் மாணவர்களின் மதிப்பெண், வருகை, உடல்நலக் குறிப்பு எல்லாம் இருந்தன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவற்றை வேறொரு தட்டில் படியெடுத்து அலமாரியில் பூட்டுவது எழுத்தரின் வழக்கம். இதற்குக் காப்புப்படி எடுத்தல் என்று பெயர். அதைச் செய்யச் சொல்லி யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அவராகச் செய்தார். பின்னர் அவர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போனார். பிரியாவிடை விருந்து வைத்தோம், மாலை போட்டோம், சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை வேலையை மட்டும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஏழு மாதம் கழித்து ஒரு நாள் காலை கணிப்பொறியின் தட்டு கரகரவென்று ஓசை எழுப்பி நின்றுவிட்டது. அலமாரியில் இருந்த படியோ ஏழு மாதம் பழையது. அந்த ஆண்டின் மதிப்பெண் முழுவதும் போயிற்று. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போக வேண்டிய நேரம். ஆசிரியர்கள் நால்வர் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பெற்றோர் கையிலிருந்த தேர்ச்சி அட்டைகளைக் கேட்டு வாங்கி மீண்டும் எழுதினோம். சில வீடுகளில் அட்டை கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே இன்றும் கட்டங்கள் வெறுமையாகவே இருக்கின்றன.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் எங்களைப் பார்க்க வந்தார். கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் உதவிமேசையில் வேலை செய்பவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "சார், அந்த வேலைக்குச் சீட்டு இல்லை. அதுதான் கோளாறு" என்றார்.

உதவிமேசை என்பது பெரிய நிறுவனங்களில் கணிப்பொறி பற்றிய முறையீடுகளை வாங்கும் இடம். அச்சுப்பொறி ஓடவில்லை, கடவுச்சொல் மறந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அங்குள்ளவர் உடனே ஓடிப் போவதில்லை. முதலில் அதை ஒரு சீட்டாகப் பதிவு செய்கிறார். டிக்கெட் என்பார்கள். அதற்கு ஓர் எண் உண்டு. யார் சொன்னார், எப்போது சொன்னார், யார் பொறுப்பு, எதுவரை முடிந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். வேலை முடிந்த பிறகு பொறுப்பாளர் தம் பெயரில் அதை மூட வேண்டும். மூடும்வரை அது திறந்தே கிடக்கும். கைத்தொலைபேசியில் வைக்கும் நினைவூட்டலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. நினைவூட்டல் ஒரு முறை மணியடித்து மறைந்துவிடும். கையில் குழந்தை இருந்தால் அணைத்துவிட்டு மறந்துவிடுவோம். சீட்டு மறைவதில்லை.

இந்த ஏற்பாடு முழுவதும் முதல் வகை வேலைக்காகப் பிறந்தது என்பதைக் கவனியுங்கள். யாராவது முறையிட்டால்தான் சீட்டு. காப்புப்படி எடுக்கவில்லையே என்று முறையிடுவார் எவருமில்லை. ஆகவே முறைவைத்து வரும் வேலைக்கும் யாரோ ஒருவர் குறித்த நாளில் முறையிட்டதுபோல் சீட்டு பிறக்கச் செய்ய வேண்டும். அதை மனிதர் ஒருவர் திங்கள்தோறும் தட்டச்சு செய்தால் அவரும் ஒரு நாள் மாற்றலாகிப் போவார். எனவே கணிப்பொறியிடம் விடுகிறார்கள்.

அதற்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, நேரம் பார்த்து எழுப்பும் காவற்காரன். மற்றொன்று, எழுந்தவுடன் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிவைத்த கட்டளைச் சுவடி. பின்னதை ஸ்கிரிப்ட் என்கிறார்கள்.

காவற்காரர்களில் மூத்தவர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையில் இருக்கும் கிரான். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. பெயரைக் கேட்டால் நம் தோட்டத்துக் கிராணியார் நினைவுக்கு வருகிறார். தொடர்பொன்றும் இல்லை, கிரேக்க மொழியில் காலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் வேலை என்னவோ கிராணியார் வேலைதான். 1987இல் பால் விக்சி என்பவர் அதைத் திருத்தி எழுதினார். லினக்ஸ் கணிப்பொறிகள் பலவற்றில் இன்று ஓடுவது அதன் வழிவந்ததே. விண்டோஸ் கணிப்பொறிகளில் டாஸ்க் ஷெட்யூலர் என்ற பெயரில் இதே வேலையைச் செய்யும் நிரல் உண்டு.

கிரான் நிமிடத்துக்கு ஒரு முறை விழித்துத் தன் பட்டியலைப் பார்க்கும். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் ஐந்து கட்டங்கள். நிமிடம், மணி, மாதத்தின் தேதி, மாதம், வாரத்தின் கிழமை என்பது வரிசை. எழுதுகோல் வைத்திருக்கும் நேயர்கள் குறித்துக்கொள்ளலாம்:

0 7 * * 1

சுழியம் நிமிடம், ஏழு மணி, எந்தத் தேதியானாலும், எந்த மாதமானாலும், கிழமை ஒன்று. நட்சத்திரக் குறி வந்தால் எதுவானாலும் சரி என்று பொருள். ஞாயிறு சுழியம், திங்கள் ஒன்று. ஆக, திங்கள்தோறும் காலை ஏழு மணி. அந்த நேரத்தில் கட்டளைச் சுவடி ஓடும். அது செய்வதும் பெரிய வித்தையன்று. உதவிமேசையின் முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பும். ஜெஸ்ஸி வின்சென்ட் என்பவர் 1996இல் தொடங்கிய ரிக்வெஸ்ட் டிராக்கர் முதலாக இத்தகைய நிரல்களில் பெரும்பாலானவை, வரும் அஞ்சலைச் சீட்டாக மாற்றிக்கொள்ளும். அஞ்சல் இல்லாமல் நேரே நிரலின் பின்வாசல் வழியாகப் பதிவு செய்வதும் உண்டு. அப்படிச் செய்தால் சுவடிக்குள் ஒரு கடவுச்சாவி இருக்கும். சீட்டுப் போட மட்டுமே அந்தச் சாவி உதவ வேண்டும், மற்றக் கதவுகளைத் திறக்கலாகாது.

அஞ்சலில் என்ன எழுதுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 'காப்புப்படி பார்க்கவும்' என்று இரண்டு சொல் எழுதினால் போதாது. எந்தத் தட்டு, எங்கே இருக்கிறது, எதைப் பார்த்தால் சரி என்று கொள்ளலாம் என்பதையெல்லாம் புதிதாக வந்தவருக்கும் விளங்கும்படி எழுத வேண்டும். எங்கள் சீட்டில் இப்போது இருக்கும் வரி இது: 'படியிலிருந்து ஏதாவது ஒரு வகுப்பின் மதிப்பெண் ஏட்டைத் திறந்து, மூன்றாவது மாணவரின் கணித மதிப்பெண்ணை இங்கே எழுதவும்.' திறக்காமல் அதை எழுத முடியாதல்லவா?

எல்லா வேலையும் திங்கட்கிழமை ஏழு மணி என்று எளிமையாக வந்துவிடுவதில்லை. ஓர் உண்மை எடுத்துக்காட்டு பார்ப்போம். மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் நிரல்களின் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களை 2003 அக்டோபர் தொடங்கி மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் வெளியிட்டு வருகிறது. உலகெங்கும் கணிப்பொறிப் பணியாளர்களுக்கு அது ஒரு திருநாள். திருநாள் என்பதைவிடத் திதி என்றால் பொருத்தம். திருத்தங்கள் வருவது அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணிக்கு. அப்போது நமக்குப் புதன்கிழமை விடியற்காலை ஒரு மணி அல்லது இரண்டு மணி. ஆகவே, நம் நாட்டில் சீட்டுப் பிறக்க வேண்டியது புதன்கிழமை காலையில்.

அப்படியானால் இரண்டாவது புதன்கிழமை என்று எழுதிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் பொறி இருக்கிறது. 2025 அக்டோபர் மாதம் புதன்கிழமையில் பிறந்தது. அதன் இரண்டாவது புதன் 8ஆம் தேதி. இரண்டாவது செவ்வாயோ 14ஆம் தேதி. எட்டாம் தேதி சீட்டுப் போட்டிருந்தால் வராத விருந்தாளிக்கு இலை போட்ட கதைதான். நமக்கு வேண்டியது, இரண்டாவது செவ்வாய்க்கு மறுநாள். இரண்டாவது செவ்வாய் 8 முதல் 14 வரை உள்ள ஏதாவது ஒரு தேதியில் வரும். எனவே அதன் மறுநாள் 9 முதல் 15க்குள் வரும் புதன்கிழமை.

சரி, தேதிக் கட்டத்தில் 9-15 என்றும் கிழமைக் கட்டத்தில் 3 என்றும் எழுதினால் ஆயிற்றா? ஆகாது. தேதி, கிழமை இரண்டையும் குறிப்பிட்டால் இரண்டும் பொருந்த வேண்டும் என்று கிரான் எடுத்துக்கொள்வதில்லை. ஏதாவது ஒன்று பொருந்தினாலே ஓடிவிடும். 2025 அக்டோபருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 முதல் 15 வரை ஏழு நாள். அதற்கு வெளியே புதன்கிழமைகள் 1, 8, 22, 29 என நான்கு. ஒரு சீட்டுக்குப் பதில் பதினொரு சீட்டு. எனவே அனுபவசாலிகள் புதன்தோறும் ஓடச் சொல்லிவிட்டு, இன்றைய தேதி 9க்கும் 15க்கும் இடையில் உள்ளதா என்று சுவடிக்குள்ளேயே முதல் வரியில் கேட்கிறார்கள். இல்லையென்றால் பேசாமல் படுத்துக்கொள்ளும்.

இதோடு முடிந்ததா என்றால், நேரத் தொல்லை ஒன்று இருக்கிறது. தொலைவிலுள்ள செர்வர் என்னும் பெரிய கணிப்பொறிகள் பல உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நாம் அதற்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நம் திங்கட்கிழமை காலை ஏழு அங்கே ஞாயிறு இரவு பதினொன்று. கிழமையே மாறிவிடுகிறது. மேலே சொன்ன புதன்கிழமைச் சீட்டுக்கு அங்கே செவ்வாய் இரவு பதினொன்று என்றும், 8 முதல் 14 வரை என்றும் எழுத வேண்டும். முதியோர்க்கு நினைவிருக்கும், ஒரு காலத்தில் தீபகற்ப மலேசியாவின் வித்தியாசம் ஏழரை மணி நேரமாக இருந்தது. 1982 சனவரி முதல் நாளிலிருந்து கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். சிங்கப்பூரும் கூடவே தள்ளியது. இன்றைய கணிப்பொறிகளின் நேர அட்டவணையில் அந்த அரை மணி நேரமும் பத்திரமாகப் பதிந்திருக்கிறது என்பது வேடிக்கையான செய்தி.

கிழமைகூட மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கெடாவில் வேலை வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் விடுமுறை. 2025 சனவரி முதல் மீண்டும் சனியும் ஞாயிறும். அங்கே இருப்பவர்கள் சுவடிகளையெல்லாம் ஒரு முறை திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். மழை பெய்தால் கங்காணி வானத்தைப் பார்த்து வெட்டு இல்லை என்று சொல்லிவிடுவார். கிரானுக்கு வானம் தெரியாது, தைப்பூசமும் தெரியாது. விடுமுறைப் பட்டியலை ஆண்டுதோறும் நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரே சீட்டு இரண்டு முறை பிறப்பதும் உண்டு. பழைய கணிப்பொறியிலிருந்து புதியதற்கு மாற்றுவார்கள். பழையதை நிறுத்த மறந்துவிடுவார்கள். இரண்டு சீட்டு, இரண்டு பேர் கையில். அவர் பார்த்துக்கொள்வார் என்று இவரும், இவர் பார்த்துக்கொள்வார் என்று அவரும் இருந்துவிடுவார்கள். இதைத் தவிர்க்க ஒவ்வொரு சீட்டுக்கும் ஆண்டும் வாரமும் சேர்ந்த அடையாளம் ஒன்றைக் கொடுத்து, அதே அடையாளத்தில் ஏற்கெனவே சீட்டு உள்ளதா என்று பார்த்த பிறகே புதியது போட வேண்டும். சென்ற வாரச் சீட்டு இன்னும் மூடப்படாமல் கிடந்தால்? மேலே இன்னொன்றைப் போட்டுக் குவிக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. பழைய சீட்டிலேயே 'இரண்டாவது வாரம்' என்று எழுதி மேலதிகாரிக்குத் தெரிவிக்கலாம்.

குவிந்தால் என்ன ஆகும் என்பதை அறியப் பெட்ரோல் நிலையக் கழிவறைக்குப் போனால் போதும். கதவுக்குப் பின்னால் ஒரு தாள் தொங்கும். மணிக்கு மணி துப்புரவு செய்ததாகக் கையெழுத்து. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. சீட்டுகள் அளவுக்கு மீறினால் உதவிமேசையிலும் அதுவே நடக்கும். பத்துச் சீட்டையும் ஒருசேர மூடிவிட்டுத் தேநீர் அருந்தப் போய்விடுவார்கள். தானாகச் சீட்டுப் போடக் கற்றுக்கொண்டவருக்கு எதற்கெடுத்தாலும் சீட்டுப் போடும் ஆசை வரும். வேலை செய்யாவிட்டால் யாருக்கும் நட்டமில்லை என்றால் அதற்குச் சீட்டு வேண்டாம்.

இதுவரை சொன்னவை எல்லாம் சீட்டுத் தவறாக வருவதைப் பற்றி. அதைவிட மோசம், வராமலே போவது. கூச்சல் போடாத வேலைகளுக்குக் குரல் கொடுக்க இந்தக் காவற்காரனை வைத்தோம். அவனே பேச்சு மூச்சற்றுக் கிடந்தால் யார் கூச்சல் போடுவது?

இது கற்பனைக் கேள்வியன்று. கிட்லேப் என்ற நிறுவனம், உலகெங்குமுள்ள நிரலாளர்கள் தம் நிரல்களைச் சேமித்துவைக்கும் களஞ்சியம். 2017 சனவரி 31ஆம் நாள் இரவு அதன் பொறியாளர் ஒருவர், ஒரு கணிப்பொறியில் அழிக்க வேண்டியதை மறந்தாற்போல் முதன்மைக் கணிப்பொறியில் அழித்துவிட்டார். மனிதர் செய்யும் பிழைதான். காப்புப்படி இருக்கிறதே என்று தேடினார்கள். நாள்தோறும் குறித்த நேரத்தில் கிரான் அதை எடுத்துக்கொண்டுதான் இருந்தது. அல்லது எடுத்ததாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். படியெடுக்கும் கருவி 9.2ஆம் பதிப்பு, தரவுத்தளமோ 9.6ஆம் பதிப்பு. பொருந்தாமல் கருவி ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றிருக்கிறது. பிழை நேர்ந்தால் மின்னஞ்சலில் தெரிவிக்கும்படி ஏற்பாடும் செய்திருந்தார்கள். அந்த அஞ்சல்களில் அனுப்புநரை உறுதிசெய்யும் முத்திரை இல்லாமையால், பெறும் பக்கத்துக் கணிப்பொறி அவற்றைத் தள்ளிவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன், வேறொரு சோதனைக்காக ஒருவர் கையால் எடுத்துவைத்த படி ஒன்று தற்செயலாக இருந்ததால் பிழைத்தார்கள். அந்த ஆறு மணி நேரத்தில் எழுதப்பட்ட விவரங்கள் போயின. நடந்ததை மறைக்காமல் அந்நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டது. அதனால்தான் தோட்டப் பள்ளி ஆசிரியராகிய நாமும் இதைச் சொல்ல முடிகிறது.

நாங்கள் சிறுவராயிருந்தபோது தோட்டத்தில் இரவுக் காவலுக்கு ஒரு ஜாகா இருந்தார். மணிக்கு மணி தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டுவார். அந்த ஓசையில் ஊர் தூங்கும். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு ஓசை வரவில்லை. பெரியவர்கள் பலர் விழித்துக்கொண்டார்கள். போய்ப் பார்த்தால் ஜாகா கடுங்காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். கணிப்பொறி வல்லுநர்கள் செய்திருக்கும் ஏற்பாடும் இதே மாதிரிதான். சுவடி ஒவ்வொரு முறை ஓடி முடித்ததும் வேறோர் இடத்திலுள்ள கணிப்பொறிக்கு 'முடித்தேன்' என்று ஒரு சொல் அனுப்ப வேண்டும். அந்தச் சொல் உரிய நேரத்தில் வராவிட்டால் அந்த இரண்டாவது கணிப்பொறி கூச்சல் போடும். பிழை நேர்ந்தால் சொல் என்பதைவிட, நலமாயிருந்தால் சொல் என்பது நம்பத் தக்கது. செத்தவன் தான் செத்ததைச் சொல்ல மாட்டான்.

எங்கள் பள்ளிக்கு அந்தப் பழைய மாணவர் கட்டணமின்றிக் கிடைக்கும் நிரல் ஒன்றைப் பழைய கணிப்பொறியில் அமைத்துக் கொடுத்தார். இப்போது நான்கே சீட்டுகள் முறைவைத்து வருகின்றன. காப்புப்படி வாரம் ஒரு முறை. தீயணைப்புக் குடுவைகளின் அழுத்த முள்ளைப் பார்ப்பதும் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பதும் மாதம் ஒரு முறை. விடுமுறைப் பட்டியலைப் புதுப்பிப்பது ஆண்டுக்கு ஒரு முறை. பொறுப்பு ஆசிரியர்களுக்குள் முறைமாறும். இரண்டாவது கணிப்பொறி வாங்கப் பணமில்லை. அதற்குப் பதிலாக அலுவலக வாசலில் ஒரு சிறு கரும்பலகை மாட்டினோம். திங்கட்கிழமை காலை வந்த சீட்டின் எண்ணை அதில் சுண்ணக்கட்டியால் எழுத வேண்டும். சபைகூடலுக்குப் போகுமுன் பலகையைப் பார்ப்பது ஐந்தாம் வகுப்பு மாணவர் தலைவரின் வேலை.

சென்ற ஆண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் திங்களன்று மாணவி ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "சார், பலகையில் போன தவணை எண்தான் இருக்கிறது" என்றாள். போய்ப் பார்த்தோம். விடுமுறையில் இடி விழுந்து மின்சாரம் போய், கணிப்பொறி நின்றே கிடந்தது. கிரான், தான் உறங்கிய வேளையில் தவறிய வேலையை விழித்த பிறகு தேடிச் செய்வதில்லை. அனாக்ரான் என்ற வேறு காவற்காரன்தான் அப்படிச் செய்வான். அவனை அந்த வாரமே வேலைக்குச் சேர்த்துக்கொண்டோம். பலகையையும் கழற்றவில்லை.